யார் வீட்டுப் பணம்?

பொன்னேரியைத் தாண்டியதும் ஏலகிரி மலைப்பாதை தொடங்கிவிடுகிறது. மேலே போய்ச் சேருவதற்குள் 14 கொண்டை ஊசி வளைவுகள். அந்த வளைவுகளை வெறும் எண்களோடு விட்டுவிடாமல், தமிழ்ப் புலவர்களின் பெயர்களையும் வள்ளல்களின் பெயர்களையும் அவற்றுக்குச் சூட்டியிருக்கிறார்கள். இந்த யோசனை எந்த அதிகாரியின் மூளையில் உதித்ததோ, அவர் நிச்சயம் ஒரு ரசிகராகத்தான் இருந்திருக்க வேண்டும். பாடியவர்களும் கொடுத்தவர்களும் வழிநெடுக நின்றுகொண்டிருக்க, அவர்களுக்கு நடுவே பஸ் முக்கி முனகிக்கொண்டு ஏறுகிறது.

நாவல் ஏதேனும் பாதியில் நின்று என்னைப் பாடாய்ப் படுத்தும்போதெல்லாம் நான் ஏலகிரிக்கு ஓடிவிடுவது வழக்கம். 2024 நவம்பரில் அப்படிப் போனபோது என் அக்காள் மகனும் உடன் வந்தான். ஆம்பூர்ப் பையன். கல்லூரியில் வணிகவியல் படிக்கிறான். கல்லூரிப் படிப்பை நடுவில் விட்டுவிட்டு வந்த எனக்கு அவனிடம் கொஞ்சம் பயம் உண்டு. ஏனென்றால், கேள்வி கேட்பான்.

அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் அப்போதுதான் முடிந்திருந்தது. கையிலிருந்த போனில் அதைப் பற்றி எதையோ படித்துக்கொண்டு வந்தவன் தலையை நிமிர்த்தி, "மாமா, இவங்களுக்கெல்லாம் இவ்ளோ பணம் எங்கேருந்து வருது?" என்றான்.

பஸ் ஒரு வள்ளலின் பெயர்ப் பலகையைக் கடந்துகொண்டிருந்தது. நான் விளையாட்டாக, "வள்ளல்கள் கொடுக்கிறார்களப்பா" என்றேன்.

"பாரி தேரைக் குடுத்தான். முல்லைக் கொடிகிட்டே அவனுக்கு ஒரு காரியமும் ஆக வேண்டியதில்லே. இவங்க அப்படியா?"

நான் பேசாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என்னிடம் பதில் இல்லாமல் அல்ல. பதிலில் ஒரு சிறு பகுதி என் கையெழுத்திலேயே இருக்கிறது என்பதனால்தான். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் பையனின் கேள்விக்கு வருவோம்.

அமெரிக்காவில் இந்தக் கேள்விக்கு நூறு வயதுக்கு மேலாகிறது. 1896-ஆம் ஆண்டு மெக்கின்லி என்பவர் ஜனாதிபதித் தேர்தலுக்கு நின்றார். அவருக்காகப் பணம் திரட்டியவர் மார்க் ஹன்னா என்ற வியாபாரி, நிலக்கரியிலும் இரும்பிலும் பொருள் சேர்த்தவர். அதுவரை தேர்தல் நிதி என்றால் கட்சிக்காரர்கள் முதலாளிகளின் வீட்டு வாசலில் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்கள். ஹன்னா அந்த வழக்கத்தையே மாற்றினார். எதிரில் நின்ற பிரயன், வெள்ளியையும் தாராளமாக நாணயமாக்க வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டு பாங்குக்காரர்கள் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். 'நீங்கள் கொடுப்பது தானம் அல்ல, இன்ஷ்யூரன்ஸ்' என்கிற தோரணையில், ஒவ்வொரு பாங்கும் தன் மூலதனத்தில் கால் சதவிகிதம் தர வேண்டும் என்று வரி போலவே விதித்தார் ஹன்னா. ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனி மட்டும் இரண்டரை லட்சம் டாலர் கொடுத்தது. மொத்தம் சுமார் 35 லட்சம் டாலர். பிரயனிடம் அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மெக்கின்லி ஜெயித்தார்.

வெட்கப்பட்டோ, பயந்தோ, 1907-இல் அமெரிக்கப் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. கம்பெனிகள் ஜனாதிபதி அபேட்சகர்களுக்குப் பணம் கொடுக்கக் கூடாது! கம்பெனிகள் கொடுக்கவில்லை, கம்பெனி முதலாளிகள் கொடுத்தார்கள். 1972-இல் வாட்டர்கேட் கட்டடத்துக்குள் திருட்டுத்தனமாகப் புகுந்தவர்களைப் பிடித்தபோது, அவர்களில் ஒருவனுடைய பாங்குக் கணக்கில் 25,000 டாலர் செக்கு ஒன்று போய்ச் சேர்ந்திருப்பது தெரிந்தது. அது நிக்ஸனின் தேர்தல் நிதிக்காகக் கொடுக்கப்பட்ட செக்கு. கொடுத்தவரின் பணம் எங்கெல்லாம் பயணம் போகிறது, பாருங்கள்!

அதன்பிறகு ஒரு நல்ல ஏற்பாடு வந்தது. வருமான வரிப் பாரத்தில் ஒரு சிறு கட்டம். அதில் குறி போட்டால், நீங்கள் கட்டும் வரியிலிருந்து ஒரு டாலர் ஜனாதிபதித் தேர்தல் நிதிக்குப் போகும். பின்னால் அது 3 டாலர் ஆயிற்று. 1976-இல் கார்ட்டரும் போர்டும் அந்தப் பொதுப் பணத்தில்தான் போட்டியிட்டார்கள். ஆனால் அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டால் செலவுக்கு ஒரு வரம்பு உண்டு. 2008-இல் ஒபாமா, 'எனக்கு அது வேண்டாம், என் ஆதரவாளர்கள் அதைவிட அதிகம் தருகிறார்கள்' என்று விலகினார். 2010-இல் அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு, கம்பெனிகளும் அபேட்சகரைச் சாராமல் தனியாகப் பிரசாரத்துக்கு எவ்வளவு வேண்டுமானாலும் செலவிடலாம் என்று தீர்ப்பளித்தது. அந்தக் கதவு திறந்த பிறகு, 2024-இல் ஈலான் மஸ்க் என்ற ஒரே ஒரு தனவந்தர் டிரம்ப்பின் வெற்றிக்காகச் செலவிட்டது 25 கோடி டாலருக்கு மேல். புதிய ஆட்சி வந்ததும் சர்க்கார் செலவைக் குறைக்கும் பொறுப்பில் அவருக்கு இடம் கிடைத்தது. சில மாதங்களில் இருவருக்கும் மனஸ்தாபமும் வந்தது.

பாலாற்றங்கரைக்காரர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது சுலபம். எங்கள் ஆற்றில் வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் மேலே தண்ணீர் ஓடாது. வெறும் மணல்தான். தோண்டினால் ஊற்று இருக்கும். சட்டம் மேலே அடைக்கிறது. பணம் மணலுக்கடியில் போய்விடுகிறது.

நம் நாட்டு ஜனாதிபதித் தேர்தலில் இந்தத் தொல்லை கிடையாது. அதில் ஓட்டுப் போடுகிறவர்கள் பார்லிமெண்டு, சட்டசபை அங்கத்தினர்கள் மட்டுமே. அபேட்சகர் 15,000 ரூபாய் டிபாசிட் கட்டினால் போதும். வேலூர் ஊரிஸ் கல்லூரியில் சில காலம் படித்த ராதாகிருஷ்ணன் ஜனாதிபதியானதற்கு எந்தத் தோல் மண்டியும் பணம் கட்ட வேண்டியிருக்கவில்லை. ஆனால் அந்த அங்கத்தினர்கள் இருக்கிறார்களே, அவர்களைத் தேர்ந்தெடுக்கிற தேர்தலில்தான் கதையே இருக்கிறது.

அந்தக் கதையின் முதல் அத்தியாயம் வேலூரில் எழுதப்பட்டது என்றால் வாசகர்கள் நம்ப வேண்டும். 1921 டிசம்பரில் ஒத்துழையாமை இயக்கத்தில் தண்டனை பெற்ற ராஜாஜி, வேலூர்ச் சிறையில் மூன்று மாதம் இருந்தார். அங்கே ஒரு நாட்குறிப்பு எழுதினார். 1922 ஜனவரியில் ஒருநாள், சுயராஜ்யம் வந்தால் என்ன ஆகும் என்று யோசித்தவர், உடனே சுகம் வந்துவிடும் என்று யாரும் எண்ண வேண்டாம் என எழுதிவைத்தார். தேர்தல்களும் அவற்றோடு வரும் ஊழலும், பணத்தின் கொடுங்கோன்மையும், நிர்வாகத் திறமையின்மையும் சேர்ந்து வாழ்க்கையை நரகமாக்கிவிடும் என்பது அவர் கணிப்பு. நல்லொழுக்கத்தோடு கூடிய கல்வி ஒன்றையே நம்பிக்கையாகக் கண்டார். சுதந்தரத்துக்காகச் சிறையில் இருந்த மனிதர், அது வருவதற்கு 25 ஆண்டுகளுக்கு முன்பே இதை எழுதியிருக்கிறார்.

முதல் பொதுத் தேர்தல் 1951-52-இல் வந்தது. பெரும்பாலான மாநிலங்களில் பார்லிமெண்டு அபேட்சகர் ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் செலவிடக் கூடாது என்று விதித்தார்கள். ஆனால் கட்சி எவ்வளவு செலவிடலாம் என்பதற்கு வரம்பே இல்லை. வாசல் கதவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்துவைத்த கதைதான்.

1957-இல் டாட்டா இரும்புக் கம்பெனி, அரசியல் கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்கத் தனக்கு உரிமை வேண்டும் என்று தன் விதிகளைத் திருத்திக்கொண்டது. கொட்டீச்சா என்ற பங்குதாரர் ஆட்சேபித்தார். வழக்கு பம்பாய் ஹைகோர்ட்டில் பிரதம நீதிபதி சாக்ளாவிடம் வந்தது. சட்டத்தில் தடை இல்லாததால் அவர் கம்பெனிக்குச் சாதகமாகவே தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் சொல்லிவிட்டு, இது ஜனநாயகத்தின் குரல்வளையையே நெரித்துவிடக்கூடிய ஆபத்து என்றும், பார்லிமெண்டு இதைக் கவனிக்க வேண்டும் என்றும் எச்சரித்தார். பார்லிமெண்டு கவனித்தது. 1960-இல், 25,000 ரூபாய் அல்லது சராசரி லாபத்தில் 5 சதவிகிதம், இரண்டில் எது அதிகமோ அதுவரை கொடுக்கலாம், கொடுத்ததைக் கணக்கில் காட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது.

அந்தக் காலத்தில் கொடுப்பதிலும் ஒரு கண்ணியம் இருந்தது. 1961-இல் ஜே. ஆர். டி. டாட்டா பிரதமர் நேருவுக்கே கடிதம் எழுதினார். காங்கிரஸுக்குக் கொடுப்பதோடு, ராஜாஜியின் சுதந்திராக் கட்சிக்கும் கொடுக்கப் போகிறோம், நாட்டுக்கு ஓர் எதிர்க்கட்சி வேண்டும் என்று தெரிவித்தார். அது உங்கள் இஷ்டம் என்று நேரு பதில் எழுதினார். கொடுப்பவர் இன்னார், வாங்குபவர் இன்னார், காரணம் இன்னது, எல்லாமே காகிதத்தில் இருந்தது. நல்லதோ கெட்டதோ, ஒளிவுமறைவு இல்லை.

சென்னை ராஜ்யத்தில் இன்னொரு வழியையும் பார்த்தோம். 1967 தேர்தலுக்கு முன் தி.மு.க. 10 லட்சம் ரூபாய் நிதி திரட்டத் தீர்மானித்தது. பொருளாளராக இருந்த கருணாநிதி ஊர் ஊராகப் போய்க் கூட்டங்களிலும் நாடகங்களிலும் வசூலித்து 11 லட்சமாகக் கொண்டுவந்து சேர்த்தார். விருகம்பாக்கம் மாநாட்டில் அபேட்சகர்களின் பெயர்களை வாசித்த அண்ணா, சைதாப்பேட்டை வந்ததும் பெயரைச் சொல்லாமல் 'பதினொரு லட்சம்' என்றார். கூட்டம் ஆர்ப்பரித்தது. ரிக்‌ஷாக்காரரும் நெசவாளியும் போட்ட சில்லறை அதில் இருந்தது. ஒரு கட்சி மாநிலத்தையே பிடிக்கப் போகும் தேர்தலுக்கு, ஊரறியச் சேர்த்த தொகை 11 லட்சம்! இந்த எண்ணைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1969-இல் இந்திரா காந்தியின் சர்க்கார் கம்பெனி நன்கொடையையே தடுத்தது. எதிர்க்கட்சிகளுக்குப் போகும் பணத்தை அடைப்பதுதான் உள்நோக்கம் என்று அப்போதே பேசினார்கள். நோக்கம் எதுவானாலும் விளைவு ஒன்றுதான். செக்காகப் போனது ரொக்கமாகப் போக ஆரம்பித்தது. 1974-இல் டில்லித் தொகுதி ஒன்றின் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, ஓர் அபேட்சகருக்காகக் கட்சி செய்யும் செலவும் அவர் கணக்கில்தான் சேரும் என்று சொல்லி அவர் வெற்றியைச் செல்லாதாக்கியது. அதே ஆண்டிலேயே பார்லிமெண்டு சட்டத்தைத் திருத்தி அந்தத் தீர்ப்பைப் பயனற்றதாக்கிவிட்டது. மற்ற விஷயங்களில் ஆமை வேகத்தில் நகரும் சபை, தன் செலவுக் கணக்கு என்றதும் எவ்வளவு சுறுசுறுப்பாகிவிட்டது! 1985-இல் கம்பெனிகள் மறுபடியும் கொடுக்கலாம் என்றார்கள். ஆனால் 16 ஆண்டுகளாக மணலுக்கடியில் ஓடிப் பழகிய தண்ணீர் மேலே வந்துவிடுமா?

2018-இல் தேர்தல் பத்திரங்கள் வந்தன. ஸ்டேட் பாங்கியில் பத்திரம் வாங்கி விருப்பமான கட்சிக்குக் கொடுத்துவிடலாம். வாங்கியவர் யார் என்று பாங்குக்குத் தெரியும், ஓட்டுப் போடும் நமக்குத் தெரியாது. கம்பெனி நன்கொடைக்கு இருந்த லாப சதவிகித வரம்பும் நீங்கிற்று. 2024 பிப்ரவரி 15 அன்று சுப்ரீம் கோர்ட்டு இந்தத் திட்டத்தைச் செல்லாது என்றபோது, 16,000 கோடி ரூபாய்க்கு மேல் பத்திரங்கள் விற்றிருந்தன. மிகப் பெரிய பங்கு மத்தியில் ஆளும் பாரதீய ஜனதாவுக்குப் போயிருந்தது. பட்டியல் வெளிவந்ததும், அதிகமாகப் பத்திரம் வாங்கியது கோயமுத்தூரைச் சேர்ந்த ஒரு லாட்டரிக் கம்பெனி என்று தெரிந்தது: 1,368 கோடி. அதில் 509 கோடி தி.மு.க.வுக்கு வந்ததாக அந்தக் கட்சியே கணக்குக் கொடுத்தது. தமிழ்நாட்டில் 2003-லேயே லாட்டரியை ஒழித்துவிட்டோம். ஆனாலும் வேறு மாநிலங்களில் யாரோ ஒரு கூலிக்காரன், அதிருஷ்டம் இன்றைக்காவது கண்ணைத் திறக்காதா என்று வாங்கிய சீட்டு, சுற்றிச் சுற்றி நம் ஊர் மேடைக்கு விளக்குப் போட வந்துவிட்டது.

இனி வேலூருக்குத் திரும்பலாம். 2019 ஏப்ரல் 18 அன்று வேலூர்ப் பார்லிமெண்டுத் தொகுதியில் ஓட்டுப்பதிவு நடக்க வேண்டும். ஆம்பூரும் வாணியம்பாடியும் அந்தத் தொகுதிதான். ஏப்ரல் தொடக்கத்தில் வருமான வரி அதிகாரிகள் காட்பாடி அருகே ஒரு சிமெண்டுக் கிடங்கில் சோதனை போட்டார்கள். சுமார் 11 கோடியே 48 லட்சம் ரூபாய் ரொக்கம். பெரும்பகுதி 200 ரூபாய்த் தாள்கள். வார்டு வாரியாகச் சீட்டு ஒட்டிய கட்டுகள். தி.மு.க. அபேட்சகரைச் சேர்ந்தவர்களின் பணம் என்று அதிகாரிகள் சொன்னார்கள். அரசியல் பழி என்று அந்தத் தரப்பு மறுத்தது. ஓர் அபேட்சகருக்குச் சட்டம் அப்போது அனுமதித்த செலவு 70 லட்சம். கிடங்கில் இருந்தது அதைப் போல் 16 மடங்கு. ஏப்ரல் 16 அன்று, தேர்தல் கமிஷனின் சிபாரிசின் பேரில் ஜனாதிபதி அந்தத் தேர்தலையே ரத்து செய்தார். அரவக்குறிச்சி, தஞ்சாவூர், ஆர்.கே. நகர் ஆகிய சட்டசபைத் தொகுதிகளில் முன்பே இப்படி நடந்ததுண்டு. பணத்துக்காக நிறுத்தப்பட்ட முதல் லோக்சபைத் தேர்தல் என்ற பெயர் எங்களுக்குத்தான் கிடைத்தது. ஆகஸ்டு 5 அன்று மறுபடி நடந்த தேர்தலில் தி.மு.க.வின் கதிர் ஆனந்த் 8,141 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

1967-இல் மாநிலம் முழுவதற்கும் 11 லட்சம். 2019-இல் ஒரு கிடங்கில் மட்டும் 11 கோடி. ராஜாஜி நாட்குறிப்பு எழுதிய சிறையும் அதே வேலூரில்தான். நடுவே 97 ஆண்டுகள்.

அந்தச் சமயம் நான் ஆம்பூரில் அத்தை வீட்டில் இருந்தேன். ஷூ கம்பெனியில் மேல்தோல் தைத்துத் தைத்து விரல் காய்த்துப் போனவள் அவள். தேர்தல் ரத்து என்று தொலைக்காட்சியில் சொன்னதும் நான், "ஓட்டுக்குப் பணம் வாங்குவது அவமானம் இல்லையா அத்தை?" என்று கேட்டுவிட்டேன். எழுத்தாளன் அல்லவா?

அவள் முறத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நம்ம கிணத்துத் தண்ணி வாயிலே வைக்க முடியலே. வருசம் பூரா கேன் தண்ணிக்குத் துட்டு குடுக்கறேன். யாரால குடுக்கறேன்? அந்தத் துட்டுலே ஒரு எரநூறு ரூபா திரும்பி வந்தா எனக்கு இன்னாடா அவமானம்? எங்கேருந்து கொண்டாந்தேன்னு குடுக்கறவனைப் போய்க் கேளு."

நான் வாயடைத்துப் போனேன். தோல் கழிவால் பாலாற்றுப் படுகை கெட்டதைப் பற்றி 1996-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. வேலூர்க் குடிமக்கள் மன்றம் தொடுத்த வழக்கு அது. கெடுத்தவனே ஈடு கட்ட வேண்டும் என்ற நியாயத்தை நாடு முழுவதற்கும் பொதுவாக்கிய தீர்ப்பு. அத்தைக்கு அந்த வழக்கின் பெயர் தெரியாது. ஆனால் கணக்குத் தெரிந்திருந்தது. தேர்தல் பணத்தை யாரோ ஒரு முதலாளி போடுகிறார் என்று நாம் நினைக்கிறோம். அவர் அதை முன்பணமாகத்தான் போடுகிறார். பிறகு கட்டாத வரியாக, சுத்திகரிக்காத கழிவாக, கூடுதலான டெண்டராக, உயராத கூலியாக வசூலித்துக்கொள்கிறார். 200 ரூபாயைக் கையில் வாங்குகிறவள் தன் பணத்தில் துளி பாகத்தைத்தான் திரும்ப வாங்குகிறாள். அவள் செய்வது சரி என்று நான் சொல்ல மாட்டேன். அந்த 200 ரூபாயோடு அவளுடைய கேள்வியும் விலைபோய்விடுகிறது. கொடுத்தவனிடம் அடுத்த ஐந்து வருஷம் அவள் எதைக் கேட்க முடியும்? ஆனால் அவளைத் திட்டுவதோடு நம் கடமை முடிந்துவிட்டது என்று எண்ணுவது, திருடனை விட்டுவிட்டுத் திருட்டுக் கொடுத்தவனைக் கட்டிவைப்பது போல.

அவளிடம் நான் வாயடைத்துப் போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு.

2001-இல் எனக்கு 22 வயது. கல்லூரியை விட்டுவிட்டு இந்தப் பகுதியில் ஓர் அச்சகத்தில் கணக்கும் புரூபும் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டசபைத் தேர்தல் வந்தது. ஓர் அபேட்சகருக்கு நோட்டீஸ் அடிக்கும் வேலை கிடைத்தது. வாசகத்தை நான்தான் எழுதினேன். 'பாலாற்றைக் காப்பேன், குடிநீர் தருவேன்' என்ற வரியை எழுதிவிட்டு நானே பரவசப்பட்டதும் நினைவிருக்கிறது. அச்சடித்தது 50,000 பிரதி. தேர்தல் நோட்டீஸில் அச்சகத்தின் பெயரும் வெளியிடுபவர் பெயரும் இருக்க வேண்டும். எத்தனை பிரதி என்று எழுதி அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். நான் 5,000 என்று எழுதினேன். பில்லும் 5,000-க்குத்தான். மிச்சப் பணத்தை ஒருவர் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். அவர் ஒரு டேனரி முதலாளியின் ஆள். அந்தத் துணியில் டேனரி வாடை அடித்தது.

"யார் பேருக்கு ரசீது போடறதுண்ணே?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "ரசீதா? பையா, உனக்கு எழுதத்தான் தெரியுது."

பாலாற்றைக் காப்பேன் என்ற என் வரிக்கு, பாலாற்றில் குழாய் விட்டிருந்தவர் கூலி கொடுத்தார். நான் எண்ணி வாங்கிக்கொண்டேன். அதில் என் பங்குக்கு ஒரு சட்டையும் வாங்கிக்கொண்டேன்.

ஏலகிரியில் இரண்டாம் நாள் மாலை, கீழே ஜோலார்ப்பேட்டை விளக்குகள் ஒவ்வொன்றாக ஏற்றிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இதைப் பையனிடம் சொன்னேன். வெகுநேரம் அவன் பேசவில்லை. பிறகு, "அந்த நோட்டீஸ் இருக்கா மாமா?" என்றான். ஒரே ஒரு பிரதி என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது என்றேன்.

ஊருக்குத் திரும்பியதும் அதை எடுத்துக் காட்டினேன். அபேட்சகரின் சிரித்த முகத்தையோ என் வீராவேச வரியையோ அவன் பார்க்கவில்லை. விளிம்பில் எறும்பு போல் அச்சாகியிருந்த கடைசி வரியைத்தான் படித்தான். அச்சகத்தின் பெயர், வெளியிடுபவர் பெயர். பணம் கொடுத்தவரின் பெயர் அதில் இல்லை.

"அம்பதாயிரத்துலே ஒண்ணு" என்று சொல்லி அதை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டான். நான் திருப்பிக் கேட்கவில்லை.